ஆட்சேபணை இல்லாத ஒரு திருத்த மனு

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, யுவர் ஆனர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனுப் போட்டவள் நான். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்.

புதிதாக இந்த வக்கீல் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒருவர் இன்னொருவர் மேல் சிவில் கேஸ் போடுகிறார். கேஸ் போட்டவர் வாதி, எதிரில் நிற்பவர் பிரதிவாதி. பிரதிவாதி பதில் சொல்வதோடு நிற்காமல், "எனக்கும் அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது" என்று அதே கேஸில் திருப்பிக் கேட்டால் அதற்குப் பெயர் கவுண்டர் கிளெய்ம். தனிக் கேஸ் போட்டதற்குச் சமம். அதில் எதையாவது பின்னால் சேர்க்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் கோர்ட்டிடம் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அதுதான் அமெண்ட்மெண்ட் பெட்டிஷன்.

அந்த மனுவை எதிர்த்தரப்பு எதிர்க்கும். எப்போதும் எதிர்க்கும். காரணமே இல்லாவிட்டாலும், கேஸை இழுக்கிறார்கள் என்றாவது எழுதிக் கொடுக்கும். எழுத்துப்பிழையைத் திருத்தப் போட்ட மனுவுக்கே பக்கம் பக்கமாக எதிர்ப்பு வாங்கியவள் நான். ஒரு மனையையே புதிதாகச் சேர்க்கக் கேட்கும் மனுவை ஒருவர் சும்மா விடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். "அப்போ அலவ் பண்ணிடலாம்."

நான் எழுந்தேன். "ஒரு வாய்தா வேணும், யுவர் ஆனர்."

"நீங்கதானே மேடம் பெட்டிஷனர்? அவங்களே நோ அப்ஜெக்‌ஷன் சொல்லிட்டாங்க. உங்களுக்கு எதுக்கு டைம்?"

"சொத்து ஷெட்யூல்ல ஒரு விவரம் சரிபார்க்க வேண்டியிருக்கு."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு வாய்தா கொடுத்தார். பின்வரிசையில் இருந்த ஜூனியர் யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

அண்ணனும் தம்பியும்

என் கட்சிக்காரர் பெயர் கலியபெருமாள். அபிஷேகப்பாக்கத்தில் நெல் போடுகிறவர். அவர் மேல் கேஸ் போட்டவர் கூடப்பிறந்த அண்ணன் ஏழுமலை. சண்டை ஒரு போர்வெல்லுக்கும் அதற்குப் போகும் வழிக்கும். போர்வெல் தன்னுடையது, தம்பி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அண்ணன் தடையுத்தரவு கேட்டார். போர்வெல் அப்பா போட்டது, இருவருக்கும் பொது, வழியில் அண்ணன் போட்ட முள்வேலியை எடுக்க வேண்டும் என்று நாங்கள் கவுண்டர் கிளெய்ம் போட்டோம். நான் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். மோட்டார் கொட்டாய், வேலி, வரப்பு எல்லாம் தெரியும்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. கோர்ட் வராந்தாவில் அண்ணன் இந்தக் கோடியில் நின்றால் தம்பி அந்தக் கோடியில் நிற்பார். ஒருமுறை படிக்கட்டில் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்ததில் போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் கலியபெருமாள் வில்லியனூரில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தார். தேய்த்த சட்டை. குரலில் பழைய கோபம் இல்லை.

"மேடம், ஒரு நெலம் வுட்டுப்போச்சு. ரோட்டு மேல அப்பா பேர்ல இன்னொரு மனை இருக்குது. அத்தயும் பொதுச் சொத்துன்னு நம்ம கேஸ்ல சேத்துடுங்க."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"ஞாபகம் வரல மேடம்."

விவசாயிக்கு நிலம் ஞாபகம் வராமல் போவது எனக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்த மனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். காலி மனை என்றார். வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா என்றேன். நாங்க ரெண்டு பேருதான் மேடம் என்றார். சொன்னதை அஃபிடவிட்டில் அப்படியே எழுதினேன். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். கேஸ் அப்போது விசாரணைக்கு வரவில்லை. அதனால் சட்டப்படி திருத்தத்துக்குத் தடை பெரிதாக இல்லை. எதிர்ப்பு வரும், வாதாடிக்கொள்ளலாம் என்று மனுவைத் தாக்கல் செய்தேன். வந்ததோ அந்த நோ அப்ஜெக்‌ஷன்.

வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கலியபெருமாள் தூணருகே நின்றிருந்தார். வழக்கமாக என் கவுன் வாசலைத் தாண்டுவதற்குள் "இன்னா மேடம் சொன்னாங்க?" என்று ஓடிவருவார். கோர்ட்டில் நடந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

"ஏன் மேடம் தள்ளி வெச்சிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இவர் உள்ளே வரவே இல்லை. வாய்தா நான் கேட்டு வாங்கியது என்பது இவருக்கு எப்படித் தெரியும்? ஏழுமலை உள்ளே உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் வெளியே வந்தவரும் அவர்தான்.

"ஒரு சின்ன வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கேன்டீனில் இரண்டு டீ

எதிர்த்தரப்பு வக்கீல் சந்திரமோகன் என்னைவிட சீனியர். எதற்கும் விட்டுக்கொடுக்காதவர். கேன்டீனில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல்தான் முதலில் சந்தேகம். இந்த ஆளே எதையோ திட்டம் போட்டு எங்களை அந்த மனைக்குள் இழுக்கிறார், பின்னால் ஒரு குழி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எதிர்க்கவே இல்லையே சார்" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "அதை நான் உங்ககிட்ட கேக்கணும். என் கட்சிக்காரனை எப்படி மடக்கினீங்க?"

"நானா?"

"எதிர்க்காதீங்க சார்னு வந்து நிக்கறான். ஏம்பான்னா வீட்டு விஷயம் சார்ங்கறான். உங்க கைவேலைன்னு நினைச்சேன். சரி, கட்சிக்காரன் சொல்றான், நமக்கென்னன்னு எழுந்து சொல்லிட்டேன். சொன்னதும் நீங்க வாய்தா வாங்கறீங்க. என்ன மேடம் நடக்குது?"

"எனக்கும் தெரியலை சார்."

அவர் நம்பவில்லை. அவர் நம்பாததை நானும் முழுசாக நம்பவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே கோர்ட்டில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேர் நாங்கள். இரண்டு டீயும் ஆறிப்போனது.

காலி மனை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாக அபிஷேகப்பாக்கம் போனேன். குமாஸ்தா ஏகாம்பரத்தைக்கூட அழைக்கவில்லை. அவர் கலியபெருமாளுக்குத் தூரத்துச் சொந்தம்.

சர்வே நம்பரை வைத்து விசாரித்து இடத்தைக் கண்டுபிடித்தேன். ரோட்டை ஒட்டிய மனை. முன்பக்கம் உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. பின்பக்கம் ஒரு வீடு. ஹாலோ பிளாக் சுவர், சிமெண்ட் ஷீட் கூரை, வாசல் பக்கம் மின்சார மீட்டர். கொடியில் ஆஸ்பத்திரி ஊழியர் போடும் நீல யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கையில் முறம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மனை பாக்க வந்தீங்களா?"

"இல்லம்மா."

"இல்லன்னுதான் சொல்லுவீங்க. போன வாரம்கூட ஒருத்தர் காரை நிறுத்திட்டு டேப்பு புடிச்சி அளந்தாரு. இன்னா சார்னு கேட்டா, உங்க அண்ணன்தான் பாத்துட்டு வரச் சொன்னாருன்னாரு. எங்க அண்ணனக் கேட்டா ரோடு போடறவங்களா இருக்கும்ங்குது. யாரும் நெசம் பேச மாட்டேங்கறாங்க."

"உங்க அண்ணன் பேரு?"

"ஏழுமலை. நீங்க யாரு?"

பொய் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. "நான் வக்கீல். உங்க தம்பி கலியபெருமாளோட கேஸை நடத்தறேன்."

அவள் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அந்த போர்வெல் கேஸா? அத்த இன்னுமா நடத்தறீங்க? அவனுங்கதான் சேந்துட்டானுங்களே. உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்க."

பெயர் அஞ்சலாட்சி. ஏழுமலைக்குத் தங்கை, கலியபெருமாளுக்கு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. பிள்ளையார்குப்பத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அந்த இடத்தை அப்பா உயிரோடு இருக்கும்போதே, "இங்க ஒரு வூடு போட்டுக்கோ" என்று சொல்லி விட்டிருக்கிறார். பத்திரம் எதுவும் எழுதவில்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில். வீட்டை அவள் தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறாள். ஒரு சுவர் இன்னும் பூசாமல் இருந்தது.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"போன மாசம் ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தானுங்க மேடம். அப்பா செத்ததுக்கு அப்புறம் அப்படி நான் பாத்ததே இல்ல. கோழி அடிச்சி ஆக்கிப் போட்டேன். பெரியவன் சின்னவனுக்கு கறி எடுத்து வெக்கறான். எனக்கு அழுகையே வந்துடுச்சி. நானும் எத்தன நாளு அங்கயும் இங்கயும் தூது போயிருப்பேன். கடைசில நான்தான் சேத்து வெச்சேன்னு ஆசுபத்திரில எல்லார்கிட்டயும் சொல்லினு இருக்கறேன்."

"என்ன பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல. சாப்ட்டானுங்க. வெளிய போயி மனைய சுத்தி வந்தானுங்க. எங்க வரைக்கும் அப்பாவோடதுன்னு பெரியவன் காட்டிக் குடுத்துனு இருந்தான். கேஸ முடிச்சி வுட்டுடுங்க மேடம். புண்ணியமாப் போவும்."

தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. அப்படியே கீழே வைத்தேன். அவளிடம் நான் எதுவும் சொல்லக்கூடாது. என் கட்சிக்காரர் என்னிடம் சொன்னது என்னோடு இருக்க வேண்டியது. ஆனால் என் கையெழுத்தோடு கோர்ட்டில் இருக்கும் மனு, இந்தச் சுவர்களைக் 'காலி மனை' என்கிறது. எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோட்டுக்கு வரும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மறுபடியும் பழைய சந்தேகம் வந்திருந்தது.

ரோட்டுப் பக்கம் யாருக்கு?

வீட்டுக்குப் போகும் வழியிலேயே முழுதும் விளங்கிவிட்டது. அண்ணனும் தம்பியும் எதிரிகளாகக் கோர்ட்டில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு மனை கவுண்டர் கிளெய்முக்குள் வருகிறது. அண்ணன் எதிர்க்கவில்லை. அடுத்த வாய்தாவில் சமாதானம் என்று ஒரு மெமோ. கோர்ட் டிக்ரி கொடுத்துவிடும். மனை அண்ணன் தம்பி இரண்டு பேருக்குத்தான் என்று கோர்ட்டே சொன்ன காகிதம் கையில் வந்துவிடும். அதை வைத்து விற்கலாம். அக்காள் அந்தக் கேஸில் பார்ட்டியே இல்லை. பார்ட்டி அல்லாதவரை அந்த டிக்ரி கட்டுப்படுத்தாது என்பது சட்டம். ஆனால் அதைச் சொல்லி நிரூபிக்க, வார்டு வேலை பார்க்கிற ஒருத்தி வருடக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டும். மனையை வாங்கினவனின் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரியும்.

அந்தக் காலத்தில் கோபம்தான் எனக்கு முதலில் வரும். அன்றைக்கு அதை அடக்கிக்கொண்டு மறுநாள் கலியபெருமாளை ஆபீசுக்கு வரச்சொன்னேன். ஏகாம்பரத்தை வெளியே ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

"மனையைப் போய்ப் பாத்தேன்" என்றேன்.

அவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தார். "முன்பக்கம் காலிதானே மேடம்."

"பின்பக்கம்?"

"அக்கா ஒரு கொட்டா போட்டுனு இருக்குது."

"ஹாலோ பிளாக் சுவரு. கரண்ட் மீட்டரு. அது கொட்டாயா?"

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் உங்ககிட்ட கேட்டேன். காலி மனைன்னீங்க. ரெண்டு பேருதான் வாரிசுன்னீங்க. அது சத்தியம் பண்ணின அஃபிடவிட். பொய்னு தெரிஞ்சா கோர்ட் உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். தெரிஞ்சும் நான் வாதாடினா எனக்கும் அதே கதிதான்."

"அக்காவுக்குக் கொடுக்க மாட்டோம்னு சொல்லல மேடம். வித்ததும் ஏதாவது பாத்து குடுப்போம். கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சி. வாங்கறவரு பேப்பர் கிளியரா இருக்கணும்ங்கறாரு. அக்காகிட்ட கையெழுத்து கேட்டா போடாது. அழுவும்."

"அதனால கேக்காமலே பண்ணலாம்னு."

"அண்ணன்தான் இந்த ரூட்டு சொல்லுச்சி."

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. தந்திரமாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரிடம் கேட்டாக வேண்டிய கேள்விதான் அது.

"சரி, டிக்ரி வந்துடுச்சின்னு வைங்க. பொதுச் சொத்துன்னுதான் கேட்டிருக்கோம். ரோட்டுப் பக்கம் யாருக்கு, பின்பக்கம் யாருக்கு?"

"ரோட்டுப் பக்கம் எனக்குன்னு அண்ணன் சொல்லியிருக்குது."

"எங்க சொன்னாரு?"

"வாயால."

"போர்வெல் உங்களுக்கும் பொதுன்னு அப்பா வாயால சொன்னாருன்னுதான் நம்ம கேஸே. அதை உங்க அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

கலியபெருமாள் என் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்பு புடிச்ச ஆளு உங்ககிட்ட பேசினாரா, அண்ணன்கிட்டயா?"

"எந்த ஆளு?" என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. அளந்தவர் வந்தது தம்பிக்கு மறைத்து நடந்திருக்கிறது. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் அண்ணனையும் தம்பியையும் மூட்டிவிடுகிறேனோ என்ற பார்வை அது. நான் எதுவும் சேர்க்கவில்லை.

"ரெண்டு வழிதான் இருக்கு. இந்த மனுவை வாபஸ் வாங்கிட்டு போர்வெல்லோட நிறுத்திக்குங்க. இல்லை, மனையைச் சேர்க்கணும்னா உண்மையைச் சொல்லிச் சேருங்க. வீடு இருக்குன்னு எழுதணும். அக்காவைப் பார்ட்டியாப் போடணும். மூணு பேருக்கும் பாகம் பிரிக்கச் சொல்லிக் கேக்கணும். ரெண்டும் வேணாம்னா வேற வக்கீலைப் பாத்துக்கலாம், நான் தடுக்க மாட்டேன். கோர்ட்ல அனுமதி கேட்டு விலகிக்கறேன்."

அவர் கேட்டார்: "அக்காவ சேத்தா, அது என் பக்கம் நிக்குமா மேடம்?"

"அவங்க யார் பக்கமும் நிக்க மாட்டாங்க. தனி வக்கீல் வெச்சுக்குவாங்க."

"அண்ணன் பக்கம் நிக்காதில்ல?"

அப்படித்தான் அந்த நல்ல காரியம் நடந்தது. அக்காள் மேல் இரக்கம் வந்து அவர் மாறவில்லை. அண்ணன் தன்னை ஏமாற்றிவிடுவான் என்ற பயத்தில் மாறினார். இரண்டு நாள் கழித்து வந்து புது அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார்.

கடும் ஆட்சேபணை

வாய்தா நாளன்று, முதல் மனுவைத் திரும்பப் பெறுகிறோம், உண்மை விவரங்களோடு புது மனுப் போட அனுமதி வேண்டும் என்று சொன்னேன். என்ன உண்மை என்றார் நீதிபதி. மனையில் வீடு இருக்கிறது, அதில் இருதரப்புக்கும் சகோதரியான ஒருவர் குடியிருக்கிறார், அவர் தேவையான பார்ட்டி என்றேன்.

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தார்.

புது மனுவுக்குச் சந்திரமோகன் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தார். கேஸின் தன்மையே மாறுகிறது, போர்வெல் கேஸைப் பாகப்பிரிவினைக் கேஸாக ஆக்குகிறார்கள், தாமதம், உள்நோக்கம், எல்லாம் இருந்தது. நன்றாகவே வாதாடினார். எனக்குப் பல நாள் கழித்து அன்றுதான் மூச்சுச் சீராக வந்தது. எதிராளி எதிராளியாக இருந்தார்.

நீதிபதி அவரை ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த இடத்துல வீடு இருக்கா, இல்லையா?"

சந்திரமோகன் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"இருக்குதுங்க."

"முதல் மனுவில காலி மனைன்னு இருந்ததே. அப்ப ஏன் ஆட்சேபணை இல்லைன்னு சொன்னீங்க?"

சந்திரமோகன் ஃபைலை மூடி வைத்தார். விசாரணை தொடங்கவில்லை, ஒரே குடும்பத்துச் சொத்துக்கு இரண்டு மூன்று கேஸ் வேண்டாம் என்று சொல்லி நீதிபதி திருத்தத்தை அனுமதித்தார். திருத்திய கவுண்டர் கிளெய்மைத் தாக்கல் செய்தேன். அஞ்சலாட்சிக்கு சம்மன் போனது.

வெளியே வந்ததும் சந்திரமோகன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நம்ம ரெண்டு பேரையும் வெச்சுத்தான் விளையாடியிருக்கானுங்க" என்றார். அப்புறம், "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்" என்றார்.

"நானும்தான் சார்" என்றேன்.

சம்மன்

அஞ்சலாட்சி நைட் டியூட்டி முடிந்து நேராக என் ஆபீசுக்கு வந்தாள். யூனிஃபார்மோடு வந்திருந்தாள். சம்மனை மேஜை மேல் வைத்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் தம்பி என் மேல கேஸ் போட்டிருக்கான்னு எங்க வார்டுல படிச்சிக் காட்டினாங்க. நெசமா?"

"உங்களையும் சேர்த்திருக்கோம்மா. உங்க பங்கைக் கேக்கறதுக்கு இதுதான் வழி."

"நான் பங்கு கேட்டேனா? அன்னிக்கி வந்து என் வூட்டுத் தண்ணிய குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம போனீங்க. சேந்திருந்தவனுங்கள மறுபடியும் பிரிச்சிட்டீங்களே."

எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் தம்பி என் கட்சிக்காரர். அவள் இப்போது எதிர்த்தரப்பு. "நான் உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. இலவச சட்ட உதவி மையத்துல உங்களுக்குன்னு ஒரு வக்கீல் தருவாங்க. கோர்ட்ல இருக்கற பழைய மனு, புது மனு ரெண்டையும் அவரை எடுத்துப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"பழைய மனுல இன்னா இருக்குது?"

"அவரைக் கேளுங்க."

என்னை நம்பாமல்தான் போனாள். ஆனால் போனாள். அவளுக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பெண். துடியாக வேலை செய்தாள். எல்லாவற்றையும் படித்து, அஞ்சலாட்சிக்கு ஒரு நல்ல பதிலுரை தாக்கல் செய்தாள். அதற்குப் பிறகு கோர்ட்டுக்கு வந்தபோது அஞ்சலாட்சி தம்பியையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் வராந்தாவில் மூன்று இடத்தில் நின்றார்கள்.

மனையை வாங்க வந்தவர் கேஸ் மூன்று பேருக்கானது என்று தெரிந்ததும் காணாமல் போனார். அதன் பிறகுதான் சமரசம் பேச முடிந்தது. சமரச மையத்தில் நிறைய இழுத்தார்கள். அக்காளுக்கு ரோட்டுப் பக்கம் கூடாது என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். அந்தச் சின்னப் பெண் வக்கீல் விடவில்லை. கடைசியில் ரோட்டிலிருந்து பின்பக்கம் வரை மனையை மூன்று பட்டையாகப் பிரித்தார்கள். வீடு இருக்கும் பட்டை அஞ்சலாட்சிக்கு. போர்வெல் அண்ணன் தம்பிக்கு முறை வைத்து. வேலியை எடுத்தார்கள். டிக்ரி ஆனது.

பிறகு

அஞ்சலாட்சியை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வீல் சேரைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள். என்னை உட்கார வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எக்ஸ்ரே அறை வரை தள்ளினாள். வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"பட்டா என் பேருக்கு மாறிடுச்சி மேடம்."

"நல்லதும்மா."

"அந்தப் பழைய மனுவ வக்கீல் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. காலி மனைன்னு இருந்துச்சி. நான் உள்ள இருக்கறப்பவே காலி மனை." கொஞ்சம் நிறுத்தினாள். "அவனுங்க இப்ப வர்றதில்ல. பரவால்ல."

அறைக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கேஸிலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். கட்சிக்காரரை நம்ப வேண்டும், நம்பாமல் வக்கீல் தொழில் செய்ய முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். கட்சிக்காரர் கேட்கிற பரிகாரத்துக்காக வாதாடுங்கள். அவர் சொல்கிற விவரத்தை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள். இன்னும் குறிப்பாக, கேஸ் பாதியில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், அதனால் யாருக்கு இழப்பு என்று முதலில் கேளுங்கள். யாருக்கும் இல்லை என்று பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கேட்கிறார்கள். கொடுத்துவிடுகிறேன். ஏன் வேறு வக்கீலிடம் போகிறீர்கள் என்று நான் அவர்களைக் கேட்பதில்லை.